ஒரே டிக்கெட்டில் இரண்டு படங்கள்

அமெரிக்காவில் ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு படம் காட்டும் வழக்கம் 1930களின் பொருளாதார மந்தக் காலத்தில் பரவியது. முதன்மைப் படத்துக்கு வசூலில் பங்கு கிடைக்கும். உடன் ஓடும் சின்னப் படத்துக்கு நிர்ணயித்த வாடகை மட்டுமே. மலிவுப் படம் எடுத்தவர்களுக்கு மிஞ்சியது சொற்பம். ஜேம்ஸ் நிக்கல்சனும் சாமுவேல் ஆர்காஃபும் தொடங்கிய அமெரிக்கன் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ் 1950களின் நடுவில் இதற்கு வழி கண்டது: இரண்டையும் தாங்களே தயாரித்து, ஜோடியாகவே விற்றது. காரில் அமர்ந்தபடி பார்க்கும் டிரைவ்-இன் அரங்குகளின் இளைஞர் கூட்டம் அந்த ஜோடிகளை வாழவைத்தது.

பிறகு நியூயார்க்கின் 42ஆம் தெரு அரங்குகள் வன்முறையும் பாலுணர்வும் திகிலும் நிறைந்த எக்ஸ்ப்ளாய்டேஷன் படங்களின் தாய்வீடாயின. 'ஐ ட்ரிங்க் யுவர் பிளட்' படத்துக்குத் துணை தேடிய விநியோகஸ்தர் ஜெர்ரி கிராஸ், 1964இல் எடுக்கப்பட்டு முடங்கிக் கிடந்த கறுப்பு வெள்ளை ஜாம்பிப் படம் ஒன்றுக்கு 'ஐ ஈட் யுவர் ஸ்கின்' என்று பெயர் சூட்டினார். அதில் யாரும் யாருடைய தோலையும் தின்பதில்லை. ஆனாலும் இரு தலைப்புகளும் ஒரே சுவரொட்டியில் நின்ற அழகே அந்த ஜோடியை இன்றுவரை ரசிகர் நினைவில் வைத்திருக்கிறது. எளிய படம்கூடச் சரியான துணை கிடைத்தால் உயர்ந்து தெரியும்.

2007இல் இயக்குநர்கள் டரன்டினோவும் ராட்ரிகஸும் 'கிரைண்ட்ஹவுஸ்' என்ற இரட்டைப் படத்தின் வழியாக இந்த மரபுக்கு மரியாதை செய்தனர். வசூல் ஏமாற்றியது; பல நாடுகளில் அதன் இரு படங்களும் தனித்தனியாகவே வெளியாயின. டரன்டினோவுக்குச் சொந்தமான லாஸ் ஏஞ்சலிஸ் நியூ பெவர்லி அரங்கிலோ இரட்டைக் காட்சி இன்னும் பிலிமிலேயே ஓடுகிறது.