இரண்டு வேளைக் குளிசை

நான் எழுதிப் பழகியவன் இல்லை. சாதாரண தரத்தோடு படிப்பு நின்றுவிட்டது. ஒஸ்லோவில் ஒரு பாண் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். எனக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் என் இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகிவிட்டன. பேர்கனில் இருக்கும் என் அண்ணன் தன்னுடையதில் ஒன்றைத் தந்தார். நோர்வேயில் உறுப்பு மாற்றுச் சத்திரசிகிச்சைகள் எல்லாம் ஒஸ்லோவிலுள்ள றிக்ஸ்ஹொஸ்பித்தாலேயில்தான் நடக்கும். எனக்கும் அங்கேதான் நடந்தது.

காலை எட்டு மணி, இரவு எட்டு மணி, தவறாமல் குளிசை எடுக்க வேண்டும் என்றார்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டார்கள். வேலையிடத்தில் பேசும் நோர்வேஜிய மொழி போதும் என்று நினைத்து, வேண்டாம் என்றேன். சொன்னதற்கெல்லாம் "யா, யா" என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். "ஏன்" என்பது மட்டும் விளங்கவில்லை.

பிறகுதான் விளங்கிக்கொண்டேன். 1954இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் முதன்முதலாக வெற்றிகரமாகச் சிறுநீரகம் மாற்றியபோது, கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே அச்சான இரட்டையர். அதனால் உடம்பு அதை ஏற்றுக்கொண்டது. மற்றவர்களுக்கு அப்படியல்ல. கூடப்பிறந்த அண்ணன் தந்தாலும் என் உடம்புக்கு அது அந்நியப் பொருள்தான். கிருமியை எதிர்ப்பது போல அதையும் எதிர்க்கும். அந்த எதிர்ப்பை அடக்கி வைப்பது குளிசை. பன்னிரண்டு மணித்தியாலத்தில் இரத்தத்தில் அதன் அளவு இறங்கிவிடும். ஆகவேதான் இரண்டு வேளை.

எனக்கு ஒரு வாரம் பகல் வேலை, ஒரு வாரம் இரவு வேலை. இரவு வேலையில் கைத்தொலைபேசி அலுமாரிக்குள் பூட்டியிருக்கும். எட்டு மணிக்கு அது அங்கே தனியாக அடித்து ஓயும். காலையில் வந்ததும் நித்திரை. ஒன்று தவறியது, பிறகு இரண்டு. உடம்பில் ஒரு நோவும் இல்லை. "நல்லாய்த்தானே இருக்கிறன்" என்று நினைத்தேன். நல்லாய் இருந்தது குளிசையால் என்பதை மறந்துவிட்டேன்.

ஒருநாள் இரத்தப் பரிசோதனையில் கிரியாற்றினின் ஏறியிருந்தது, மருந்தின் அளவு இறங்கியிருந்தது. தவறவிட்டீர்களா என்று வைத்தியர் கேட்டார். இல்லை என்று பொய் சொன்னேன். அண்ணன் தந்ததை நானே கெடுத்தேன் என்று எப்படிச் சொல்வது?

அடுத்த முறை மொழிபெயர்ப்பாளர் வந்திருந்தார். தாதி வேறு விதமாகக் கேட்டார்: "எந்த வாரம் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது?" அப்போது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஒருவரும் ஏசவில்லை. ஊசிமூலம் ஸ்டீரொயிட் மருந்து ஏற்றினார்கள். சிறுநீரகம் தப்பியது. ஆனால் அதன் பலத்தில் ஒரு பங்கு போய்விட்டது. அது இனித் திரும்பாது.

அண்ணனிடம் நேரில் சொல்ல பேர்கனுக்கு ரயிலில் போனேன். வழியில் ஹர்டாங்கர் மேட்டுநிலம் வரும். 1969இல் விடுமுறைக்கு வந்த சண்டோஸ் என்ற சுவிஸ் மருந்துக் கம்பனியின் ஊழியர் ஒருவர் அந்த மேட்டுநிலத்தில் எடுத்துப்போன மண்ணிலிருந்த பூஞ்சணத்திலிருந்துதான் சைக்ளோஸ்போரின் மருந்து பிறந்தது. 1980களில் அது வந்த பிறகே மாற்றிய உறுப்புகள் பலருக்கு நிலைத்தன. நான் எடுப்பது அதற்குப் பின் வந்த தக்ரோலிமஸ். அதுவும் ஜப்பானில் மண்ணிலிருந்தே கிடைத்தது.

அண்ணன் கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "தம்பி, தந்ததைப் பற்றி நான் யோசிக்கேல்லை. இனி வேலைக்குப் போகேக்க குளிசையைப் பொக்கற்றிலை வைச்சுக்கொண்டு போ" என்றார்.

இப்போது பொக்கற்றில் ஒரு சின்னப் பெட்டி, கையில் மணி அடிக்கும் கடிகாரம். மேற்பார்வையாளரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்.

உங்களில் யாருக்காவது இந்த நிலை இருந்தால் சில வார்த்தைகள். தவறிவிட்டால் இரண்டை ஒன்றாகப் போடாதீர்கள், வைத்தியசாலைக்குத் தொலைபேசியில் கேளுங்கள். இரத்தம் கொடுக்கும் காலையில், இரத்தம் எடுத்த பிறகே குளிசை. கிறேப்புறூட் பழம் கூடாது. ஊரிலிருந்து வரும் மூலிகை மருந்தைக் கேட்காமல் தொடாதீர்கள். மொழிபெயர்ப்பாளரைக் கேட்க வெட்கப்படாதீர்கள், அதற்கு நீங்கள் காசு கொடுக்கத் தேவையில்லை. பிள்ளைகளைக் கூட்டிப்போய் மொழிபெயர்க்க வைப்பதை 2022இல் நடைமுறைக்கு வந்த சட்டமும் பொதுவாகத் தடுக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, தவறவிட்டால் தவறவிட்டேன் என்று சொல்லுங்கள். நான் சொல்லத் தாமதித்த அந்த நாட்களில் போனது என் அண்ணனுடைய சிறுநீரகம்.