குற்றாலச் சாரலில் ஒரு குட்டி வாசகி!

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் போதும். ஆபீஸில் யாராவது ஒருத்தர், "என்ன சார்... குற்றாலத்துல சீஸன் ஆரம்பிச்சுடுச்சாமே?" என்று பற்ற வைப்பார். அதற்கப்புறம் ஃபைல் நகராது. லீவ் லெட்டர்தான் நகரும். பாட்டிக்கு உடம்புக்கு வருவது, சித்தப்பா மகளுக்குத் திடீர் நிச்சயதார்த்தம் நடப்பது எல்லாம் ஜூனுக்கும் ஆகஸ்ட்டுக்கும் நடுவில்தான். எல்லாம் பொதிகை எக்ஸ்பிரஸ் செய்கிற வேலை!

நாங்களும் ஒரு பாட்டியைப் படுக்கையில் போட்டுவிட்டுத்தான் கிளம்பினோம். நாங்கள் என்றால் நானும், பக்கத்து ஸீட் நண்பனும். அவனுக்கு அருவியைவிட பிரானூர் பார்டர் புரோட்டா மேல்தான் பக்தி அதிகம்.

தென்காசியில் இறங்கியதும் முதலில் கண்ணில் படுவது காசி விஸ்வநாதர் கோயில் கோபுரம். அதன் வாசலில் நின்றால் ஆளைத் தள்ளுகிற மாதிரி காற்று அடிக்கும். வேட்டி கட்டியவர்கள் ஒரு கையை எப்போதும் ரிஸர்வில் வைத்திருப்பது நல்லது. பராக்கிரம பாண்டியன் பதினைந்தாம் நூற்றாண்டில் கட்டிய கோயில். கோபுரம் 1924-ல் பாழாகி, ரொம்ப காலம் மொட்டையாக நின்று, 1990-ல்தான் மறுபடி எழுந்தது. இந்தக் கோயிலைப் பின்னால் காப்பாற்றப் போகிறவர்கள் காலில் இப்போதே விழுகிறேன் என்ற அர்த்தத்தில் கல்வெட்டே வைத்துவிட்டுப் போயிருக்கிறார் அந்த ராஜா. ராஜா நம் காலில் விழுகிறார் சார்! இந்தக் காலத்தில் கவுன்சிலர்கூட எலெக்‌ஷனுக்கு எலெக்‌ஷன்தான் விழுகிறார்.

நிற்க. அருவியைப் பற்றி ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள். திரிகூட ராசப்பக் கவிராயர் குறவஞ்சி பாடிய மலையைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறேன்? அவர் பாடிய குரங்குகளின் வம்சம் இப்போது சிப்ஸ் பாக்கெட்டைப் பிடுங்குகிறது என்ற ஒரு தகவலைத் தவிர.

சொல்ல வந்தது ஒரு சிப்ஸ் கடையைப் பற்றி.

ஐந்தருவி போகிற ரோட்டில் நேந்திரம் சிப்ஸ், மங்குஸ்தான், ரம்புத்தான் என்று வரிசையாகக் கடைகள். மெயினருவியில் குளித்துவிட்டு, ஈரத்துண்டோடு ஒரு கடையில் ஒதுங்கினோம். சாரல் விட்டு விட்டு அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே கவிழ்த்துப் போட்ட பழக்கூடை மேல் ஒரு பெண் குழந்தை. ஐந்து வயசு இருக்கும். மடியில் தம்பி. எதிரே இருந்த போர்டை விரலால் காட்டி, "எண்ணெய்... சோப்பு... ஷாம்பு... கூடாது!" என்று அவனுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள்.

நண்பன் அசந்துவிட்டான். "அடேயப்பா! இந்த வயசுல போர்டு படிக்குதே!"

கல்லாவில் இருந்த ஆச்சி சிரித்தாள். "படிக்கல்லாம் தெரியாது தம்பி. போற வாற ஆளு வாசிக்கதைக் கேட்டு அப்படியே சொல்லுதா."

"பால்வாடிக்குப் போறாளா ஆச்சி?"

"போவா. சீஸன் நேரத்துல யாரு கொண்டுபோய் விட? ஆத்தாளும் அப்பனும் விடியமுன்ன வந்து அடுப்புல நிக்காவ."

"வீட்ல கதைப் புஸ்தகம் ஏதாவது இருக்கா?"

ஆச்சி கொஞ்சம் யோசித்தாள். "காலண்டர் இருக்கு. ரேஷன் கார்டு இருக்கு. ஒண்ணாப்புல சேத்தா பள்ளிக்கூடத்துல குடுப்பாவள்லா..."

என் பையில் அக்கா பையனுக்காக வாங்கிய படப் புத்தகம் ஒன்று இருந்தது. பக்கத்துக்கு ஒரே ஒரு வரி, மீதி முழுக்கப் படம். எடுத்து நீட்டினேன். அவள் முதலில் அட்டையைத் தடவிப் பார்த்தாள். பிறகு தலைகீழாகப் பிடித்து, யானை காலை மேலே தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்துச் சிரித்து, தானாகவே நேராகத் திருப்பினாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அப்புறம் கதை ஆரம்பித்தது. புத்தகத்தில் இருந்த யானை காட்டில் பழம் தேடுகிற யானை. இவள் சொன்ன யானை ஐந்தருவிக்குக் குளிக்க வந்து, சோப்பு போட்டு, போலீஸ் விசில் அடித்துத் துரத்திய யானை! தம்பி ரசித்து, புத்தகத்தின் ஒரு மூலையை வாயில் வைத்துக்கொண்டான்.

ஆச்சி பாய்ந்து வந்தாள். "ஏட்டி, கிழிச்சுராத! சரசுவதி!" புத்தகத்தைப் பிடுங்கிக் கண்ணில் ஒற்றி, மேலே சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். குழந்தைக்கு எட்டாத உயரம். முகம் சுருங்கிப் போய்விட்டது.

என் நண்பன் சமயத்தில் புத்திசாலி. "ஆச்சி, சரஸ்வதி கையில வீணை இருக்கே, எதுக்கு?"

"வாசிக்கத்தான்."

"அப்ப புஸ்தகம்?"

ஆச்சி அவனை ஒரு முறை முறைத்தாள். அப்புறம் பொக்கை வாய் தெரியச் சிரித்து, புத்தகத்தை எடுத்துப் பேத்தியிடமே கொடுத்துவிட்டாள்.

ஆச்சி செய்ததைத்தான் நாம் எல்லோரும் செய்கிறோம். காலில் பட்டால் தொட்டுக் கும்பிடுவோம். ஆனால் குழந்தை கையில் மட்டும் கொடுக்க மாட்டோம். என் சொந்த ஊரில் ஒரு நூலகம். ஊர் பேர் வேண்டாம். குழந்தைகள் புத்தகம் எல்லாம் கண்ணாடி பீரோவுக்குள், பூட்டுப் போட்டு, புத்தம் புதுசாக இருக்கும். நான் பையனாக இருந்தபோது பார்த்த அதே புத்தகங்களைப் போன வருஷமும் பார்த்தேன். அப்போதும் புதுசு. இப்போதும் புதுசு. புத்தகத்தைக் காப்பாற்றிவிட்டார்கள். அதைப் படிக்க வேண்டியவர்கள் வழுக்கை விழுந்து பென்ஷன் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

எழுத்தே தெரியாத குழந்தைக்குப் புத்தகம் எதுக்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. அந்தப் பேத்தியையே பாருங்கள். படம் எது, எழுத்து எது, எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கணும், எப்படித் திருப்பணும்... இதெல்லாம் கையில் வைத்துப் பார்த்தால்தான் வரும். இன்னொரு விஷயம், தமிழுக்கே உள்ள சிக்கல். வீட்டில் "எங்கலே போன? அங்கன நில்லு" என்று கேட்டு வளர்கிற பிள்ளை, ஒண்ணாம் வகுப்பில் போய் உட்கார்ந்ததும் "அவன் எங்கே சென்றான்?" என்று எதிரே வந்து நிற்கிறது புத்தகம். அது யார் பேசுகிற பாஷை? யாரும் பேசுவதில்லை! அம்மாவோ தாத்தாவோ மடியில் வைத்து நாலு கதை வாசித்துக் காட்டியிருந்தால், அந்த 'சென்றான்' ஏற்கெனவே காதுக்குப் பழகியிருக்கும். இல்லாத பிள்ளைக்கு எழுத்தும் புதுசு, பாஷையும் புதுசு. இரண்டையும் ஒரே நேரத்தில் தூக்கச் சொன்னால் பாவம், என்ன செய்யும்?

இதை வெளிநாட்டுக்காரர்கள் கொஞ்சம் முன்னாலேயே பிடித்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் பாஸ்டன் நகர ஆஸ்பத்திரி ஒன்றில் 1989-ல் குழந்தை டாக்டர்கள் ஊசி போட வருகிற குழந்தைக்கு மருந்துச் சீட்டோடு ஒரு புத்தகமும் கொடுக்க ஆரம்பித்தார்கள். இங்கிலாந்தில் பர்மிங்ஹாமில் 1992-ல் 300 கைக்குழந்தைகளின் குடும்பங்களுக்குப் புத்தகப் பை கொடுத்துப் பார்த்தார்கள். அது பிறகு நாடு முழுக்கப் பரவியது. கொலம்பியாவில் ஒரு வாத்தியார் இரண்டு கழுதைகள் மேல் புத்தகம் ஏற்றி மலைக்கிராமங்களுக்குப் போனார். கழுதைகளின் பெயர் ஆல்ஃபா, பெத்தோ. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் அவர்கள் பாஷையில் 'அரிச்சுவடி'!

கழுதை என்றதும் சிரிக்க வேண்டாம். நம் ஆட்கள் 1931-லேயே மாட்டு வண்டியில் நூலகம் நடத்தியவர்கள். மன்னார்குடி பக்கம் கனகசபைப் பிள்ளை என்பவர் வண்டி நிறையப் புத்தகத்தோடு கிராமம் கிராமமாகப் போனார். நூலக மேதை சீர்காழி ரங்கநாதன் புகழ்பெற்ற ஐந்து விதிகளை வெளியிட்டதும் அதே 1931-ல்தான். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் என்பது அவற்றில் ஒன்று. வாசகர் என்றால் எத்தனை வயசு என்று அவர் வரம்பு வைக்கவில்லை.

சுதந்திர இந்தியாவில் பொது நூலகத்துக்குச் சட்டம் போட்டதும் முதலில் நாம்தான், 1948-ல். அந்தச் சட்டப்படி, நீங்கள் கட்டுகிற சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலகத்துக்குப் போகிறது. 'நான் வாடகை வீடு சார்' என்று தப்பிக்க முடியாது. ஹவுஸ் ஓனர் அதை உங்கள் வாடகையில் எப்பவோ சேர்த்திருப்பார். குற்றாலத்தில் தண்ணீர் இலவசம். நூலகம் இலவசம் இல்லை, பணம் ஏற்கெனவே கட்டியாச்சு. கட்டின காசுக்கு ஒரு தடவையாவது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகாமல் இருப்பது எந்த ஊர் கணக்கு?

மறுநாள் தென்காசிக்குள் சுற்றினோம். அங்கே வ.உ.சி. பெயரில் வட்டார நூலகம் இருக்கிறது. வேலைக்கான பரீட்சைக்குத் தயாராகிற இளவட்டங்கள் நம்பி வருகிற இடம். அந்தப் பரீட்சையின் வேதனை நமக்குத் தெரியாதா? நாமும் குரூப் ஃபோர் எழுதித்தானே ஃபைலுக்குள் விழுந்தோம்! ஆனால் இருபத்தைந்து வயசில் புத்தகத்தோடு போராடுகிறவனுக்கு நாலு வயசில் யாராவது ஒரு கதை படித்துக் காட்டியிருந்தால், பாதிப் போராட்டம் குறைந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

அரசாங்கம் சும்மா இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். பால்வாடிகளுக்கு 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்று பாடத்திட்டமே இருக்கிறது. 2023-ல் பள்ளிக் கல்வித் துறை 'வாசிப்பு இயக்கம்' ஆரம்பித்து, சின்னச் சின்னக் கதைப் புத்தகங்களைப் போட்டது. நுழை, நட, ஓடு, பற என்று நாலு படி. பேர் வைத்தவருக்கு ஒரு பார்டர் புரோட்டா வாங்கித் தரலாம்! நல்ல காரியம்தான். ஆனால் அது பள்ளிக்கூட வாசலைத் தாண்டியவர்களுக்கு. சிப்ஸ் கடையில் பழக்கூடை மேல் உட்கார்ந்திருக்கிற வாசகி இன்னும் 'நுழை'க்கே நுழையவில்லையே!

இதில் இந்த ஊருக்குக் கொஞ்சம் உரிமையும் உண்டு. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் பி.என்.பணிக்கர் 1945-ல் 47 நூலகங்களை ஒன்று சேர்த்துத் திருவிதாங்கூர் நூலகச் சங்கம் அமைத்தார். அப்போது செங்கோட்டையும் திருவிதாங்கூரில்தான் இருந்தது. 1956-ல்தான் நம்மிடம் வந்தது. பணிக்கர் மறைந்த ஜூன் 19-ஐ வாசிப்பு தினமாக இன்றும் அங்கே கொண்டாடுகிறார்கள். அதே ஜூனில்தான் அந்த மலையைத் தாண்டி நமக்குச் சாரல் வருகிறது. சாரலுக்கு மட்டும் பெட்டியைக் கட்டுகிறோம்.

குற்றாலத்திலேயே வாசித்துக் காட்டுவதற்கென்று ஒருவர் இருந்தார். ரசிகமணி டி.கே.சி. ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி வந்து தங்கிப் போனார்கள். கரிசல் காட்டிலிருந்து கி.ராஜநாராயணனும் கு.அழகிரிசாமியும் வந்து உட்கார்ந்து கேட்டார்கள். ஒரு பாட்டை எடுத்துத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லியே கேட்கிறவர் மனசில் ஏற்றிவிடுவாராம். 1954-ல் அவர் காலமானார். சமாதி இங்கேதான். இரண்டு வயசுக் குழந்தை 'இன்னொருக்க சொல்லு... இன்னொருக்க சொல்லு' என்று ஒரே கதையை இருபது தடவை கேட்கிறதே, அதுவும் அந்த ரகம்தான். நமக்குத்தான் மூன்றாவது தடவையே கொட்டாவி வந்துவிடுகிறது.

நம்மால் ஆகிற காரியமா என்றால், ஆகும். தூத்துக்குடி மில்லர்புரத்தில் பொன்.மாரியப்பன் தன் சலூனிலேயே நூலகம் வைத்தார். காத்திருக்கிற நேரத்தில் படிக்கிறவருக்குக் கட்டணத்தில் சலுகை. 2020-ல் பிரதமரே ரேடியோவில் அவரோடு பேசினார். சலூனில் முடியும் என்றால் லாட்ஜ் வரவேற்பறையில் முடியாதா? ஒரு கயிறு கட்டி, நாலு படப் புத்தகத்தைத் துணி காய வைக்கிற மாதிரித் தொங்கவிட்டால் போதும். குழந்தை கைக்கு எட்டணும், அது முக்கியம். கிழிந்தால் ஒட்டிக்கலாம். பக்கத்து சிவகாசியில் அச்சு இயந்திரம் இரவும் பகலும் ஓடுகிறது. காகிதத்துக்குப் பஞ்சமில்லை.

ஊருக்குக் கிளம்புகிற அன்று ரத வீதிப் பக்கம் ஒரு கடைக்குள் நுழைந்தோம். கைடு, கிராஃப் நோட்டு, ஜியாமெட்ரி பாக்ஸ் எல்லாம் இருந்தன.

"மூணு வயசுப் பிள்ளைக்குக் கதைப் புஸ்தகம் இருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டான் நண்பன்.

கடைக்காரர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "மூணு வயசுக்கா? அதுக்கு வாசிக்கவே தெரியாதே தம்பி!"

"அது வாசிக்காது அண்ணாச்சி. நான் வாசிப்பேன். அது கேக்கும்."

அவர் கொஞ்ச நேரம் அவனையே பார்த்தார். அப்புறம் ஏணியைப் போட்டு, மேல் தட்டிலிருந்து ஒரு கட்டை இறக்கினார். தூசி தட்டியதில் மூன்று பேருக்கும் தும்மல். "வாங்கி வச்சு எத்தனையோ வருசமாச்சு. கேக்க ஆள் இல்ல" என்றவர், இரண்டை எங்களுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை மறுபடி மேலே ஏற்றப் போனார். ஏணியில் ஒரு கால் வைத்தவர் என்ன நினைத்தாரோ, இறங்கி வந்து, வாசலில் சாக்லேட் பாட்டில்களுக்குக் கீழே, முழங்கால் உயரத்தில் பரப்பி வைத்தார்.