டீ கலரில் ஒரு நீச்சல் குளம்

என் சகலைக்கு ஈ.ஸி.ஆரில், உத்தண்டி பக்கம் ஒரு வீடு. வீட்டுக்குப் பின்னால் ஒரு நீச்சல் குளம். எனக்கு மடிப்பாக்கத்தில் ஒரு ஃப்ளாட்டும், அதன் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியில் பதினாறில் ஒரு பங்கும் உண்டு. குடும்பத்தில் எங்கள் இருவரின் அந்தஸ்தையும் இதிலிருந்தே நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

போன மே மாதம் மகள் பிரசவத்துக்காக அவர் சிங்கப்பூர் கிளம்பும்போது சாவிக் கொத்தை என் கையில் திணித்தார்.

"பெரிய வேலை ஒண்ணும் இல்ல சகல. தண்ணி குறைஞ்சா ரொப்பு. ப்ளீச்சிங் பவுடர் கரைச்சு ஊத்து. மோட்டாரைப் போடு. பசங்களைக் கூட்டிட்டு வந்து குளிக்க விடு."

நான் பி.காம். திரவம் சம்பந்தமாக எனக்குத் தெரிந்தது லிக்விடிட்டி ரேஷியோ ஒன்றுதான். இருந்தாலும் மனைவி பக்கத்தில் நின்றுகொண்டிருந்ததால், "அதுக்கென்னண்ணே, பார்த்துக்கறேன்" என்றேன்.

சனிக்கிழமை போனேன். வெயிலில் தண்ணீர் ஒரு சாண் இறங்கியிருந்தது. போர் மோட்டாரைத் திறந்துவிட்டேன். பளிங்கு மாதிரி தண்ணீர். மாலையில் ப்ளீச்சிங் பவுடரை பக்கெட்டில் கரைத்து ஊற்றி, ஃபில்டர் மோட்டாரைப் போட்டுவிட்டு வீடு திரும்பினேன்.

ஞாயிறு காலை, என் பையன், அண்ணன் பிள்ளைகள் இரண்டு பேர் சகிதம் போய் இறங்கினால், குளம் முழுக்க டீ. நாயர் கடை டீ. பால் மட்டும் குறைச்சல்.

"நைட்டு யாராவது செம்மண்ணைக் கொட்டினாங்களா?" என்று வாட்ச்மேனைக் கேட்டேன்.

"நீங்க பவுடர் கொட்டினதுதான் ஸார்" என்றார். அவர் குரலில் கிண்டல் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிள்ளைகள் விடுவார்களா? டிராயர், துண்டு எல்லாம் தயார். கலர்தானே என்று நானும் சரி சொல்லிவிட்டேன். வாட்ச்மேன் மகளும் பக்கத்து வீட்டுப் பையனும் சேர்ந்துகொள்ள, மொத்தம் ஐந்து பேர். நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பரைப் பிரித்தேன்.

பத்து நிமிஷம் கழித்து நிமிர்ந்து பார்த்தபோது நான்கு தலைகள்தான் தெரிந்தன.

மறுபடி எண்ணினேன். நான்கு. என் பையன் இல்லை. குனிந்து பார்த்தால் இடுப்பளவு ஆழத்துக்குக் கீழே ஒன்றுமே தெரியவில்லை. தரையும் தெரியவில்லை, தரையில் யாராவது கிடந்தாலும் தெரியப்போவதில்லை. சட்டையோடு குதித்துக் காலால் துழாவினேன். எனக்கு நீச்சல் தெரியாது என்பது மார்பளவு தண்ணீரில் நின்றபோதுதான் ஞாபகம் வந்தது. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு ஆடிட்டர் வாழ்நாள் முழுக்கக் கூட்டுகிற நேரம்.

"என்னப்பா தேடறே?"

மோட்டார் ரூம் வாசலில் நின்று, கையில் முறுக்கோடு கேட்டான்.

அவனை அடிக்கவில்லை. எல்லாரையும் மேலே ஏற்றி, தண்ணீருக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே வாட்ச்மேனை உட்கார வைத்தேன். அன்று மாலை, தண்ணீர் மேல் இருந்த கோபத்தில் இன்னும் இரண்டு கிலோ ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றினேன். திங்கட்கிழமை டீ டிகாக்ஷன் ஆகியிருந்தது.

ஆபீஸுக்கு லீவு போட்டு, குளத்துச் சாமான் விற்கும் கடையிலிருந்து ஒரு பையனைக் கூட்டி வந்தேன். இருபத்திரண்டு வயசு இருக்கும். குளத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "போர் தண்ணி விட்டீங்களா ஸார்?" என்றான். டாக்டர் முகத்தைப் பார்த்தே மஞ்சள் காமாலை என்று சொல்வதுபோல.

நேராக போரிலிருந்து ஒரு வெள்ளை பக்கெட் தண்ணீர் பிடித்தான். துளி அழுக்கில்லை. ஒரு சிட்டிகை பவுடரைக் கரைத்து விட்டான். என் கண்ணெதிரே அந்தப் பளிங்கு மஞ்சளாகி, பழுப்பாகியது.

"பூமிக்கு அடியில காத்து படாம இரும்பு கரைஞ்சு கிடக்கும் ஸார், கண்ணுக்குத் தெரியாது. க்ளோரின் பட்டா துரு. பவுடர் இரும்பைக் கொண்டுவரல, உள்ள இருந்ததைக் காட்டிக் கொடுத்திருக்கு."

கணக்கு போட்டேன் (பழக்க தோஷம்). குளம் எட்டு மீட்டர் நீளம், நாலு மீட்டர் அகலம், சராசரி ஒன்றே கால் மீட்டர் ஆழம். 40,000 லிட்டர். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் இரும்பு இருந்தால் மொத்தம் 40 கிராம். ஒரு கைப்பிடி ஆணி! அவ்வளவு போதும் மனிதனின் மானத்தை வாங்க.

பையன் இலவசமாகப் பாடம் நடத்தினான். பச்சையாகக் கலங்கி, சுவர் வழுக்கினால் பாசி. க்ளோரின் பற்றாமல் வருவது. பச்சையாக இருந்தும் அடி தெளிவாகத் தெரிந்தால் செம்பு. பாசி மருந்தில் மயில்துத்தம் கலந்திருந்தால் அப்படி. பால் மாதிரி வெளுத்தால் ஃபில்டர் கோளாறு, அல்லது பி.ஹெச். ஏறி சுண்ணாம்பு பிரிந்தது. எதுவானாலும் முதலில் பக்கெட்டில் பார்க்கணும், அப்புறம்தான் குளம். எங்கள் பாஷையில் ட்ரையல் பாலன்ஸ்.

"பேசாம எல்லாத்தையும் இறைச்சுட்டா?" என்றேன்.

"கடற்கரை மண்ணு ஸார். அடியில ஊத்து மேலாக இருந்தா, காலித் தொட்டியை அப்படியே தோணி மாதிரி தூக்கிடும்."

சகலையின் குளம் தோணியாக மிதக்கும் காட்சியை ஒரு கணம் ரசித்துவிட்டு, வேண்டாம் என்றேன்.

சோடா உப்பு போட்டு பி.ஹெச்.சை ஏழரைக்குக் கொண்டுவந்தான். இரண்டு கிலோ படிகாரம் கரைத்து ஊற்றி, இரண்டு மணி நேரம் மோட்டாரைச் சுற்றவிட்டு நிறுத்தினான். ஆற்றுத் தண்ணீர்ப் பானையின் உள்ளே பாட்டி தேத்தாங்கொட்டையைத் தேய்த்தது ஞாபகம் வந்தது. அதே வேலைதான்; பானைதான் பெரிசு. ராத்திரி முழுக்கத் துரு அடியில் படிய, காலையில் வாக்குவம் குழாயால் மெதுவாக உறிஞ்சி, ஃபில்டருக்குள் விடாமல் நேரே வெளியே தள்ளினான். குறைந்ததற்கு லாரித் தண்ணீர். அதையும் பக்கெட்டில் சோதித்த பிறகுதான் விட்டோம்.

மோட்டார் ரூமில் ஆசிட் கேனும் ப்ளீச்சிங் பவுடரும் ஒட்டி நிற்பதைப் பார்த்துதான் அவனுக்கு நிஜமாகக் கோபம் வந்தது. "ரெண்டும் கலந்தா விஷ வாயு ஸார், ஆளைச் சாய்ச்சுடும்" என்று ஆசிட்டை வேறு இடத்துக்கு மாற்றினான். போகும்போது, "ஆழமான இடத்துல இருக்கிற வடிகால் சல்லடை, கரையில நின்னா தெளிவா தெரியணும். தெரியலைன்னா யாரையும் இறக்காதீங்க" என்றான். ஞாயிற்றுக்கிழமைக் கதையை நான் அவனிடம் சொல்லவே இல்லை.

படிக்கட்டில் மட்டும் பழுப்புக் கறை இருந்தது. துருவா பாசியா என்று பார்க்க, ஒரு வைட்டமின் ஸி மாத்திரையை அரை நிமிஷம் கறை மேல் அழுத்திப் பிடித்தான். ஒரு ரூபாய் அளவுக்கு வெள்ளை வட்டம். "துருதான்" என்றான்.

சகலை வந்தார். தண்ணீரை உற்றுப் பார்த்தார். அடியில் சல்லடைக் கம்பிகளை எண்ணிவிடலாம். பாராட்டுக்காகக் காத்திருந்தேன்.

"இதென்ன சகல, படியில வெள்ளையா ஒரு கறை?"

மறுநாள் மருந்துக் கடையில் வைட்டமின் ஸி இரண்டு டப்பா கேட்டேன்.

"இவ்வளவா? வீட்டுல யாருக்கு ஸார் ஜலதோஷம்?"

"படிக்கட்டுக்கு" என்றேன்.