விண்டோஸ் அடிக்க முதல்

2024 யூலை 19, வெள்ளிக்கிழமை. பின்னேரம் நெடுந்தீவிலிருந்து வாசிகசாலை அக்கா அழைப்பெடுத்தா.

"பிள்ளையள், எங்கட கொம்பியூட்டருக்கும் அந்த வருத்தம் வந்திட்டுது. நீலமா வருது, நிக்குது, திருப்பித் தொடங்குது. நியூஸிலை சொல்லுறது இதுதானே?"

அன்றைக்கு உலகம் முழுக்க இதே கதைதான். குரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான அப்டேட் ஒன்றால் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையோடு விழுந்து விழுந்து எழும்பிக்கொண்டிருந்தன. விமானங்கள் நின்றன, வங்கிகளும் வைத்தியசாலைகளும் தடுமாறின. ஏறத்தாழ 85 இலட்சம் கணினிகள் எண்டு மைக்ரோசொப்ட் பிறகு கணக்குச் சொன்னது. ஆனால் அந்த மென்பொருள் பெரிய நிறுவனங்கள் காசு கொடுத்து வாங்குவது. விண்டோஸ் 7 இல் ஓடும் எங்கட வாசிகசாலை மிசினுக்கு அது எங்கிருந்து வரும்?

"அது வேற, இது வேற அக்கா. எப்ப இருந்து இப்பிடி?"

"ரெண்டு கிழமையா. டவுணிலை கேட்டனான். விண்டோஸ் அடிச்சாச் சரியாம். திங்கக்கிழமை ஒரு தம்பி வள்ளத்திலை வாறாராம்."

நாங்கள் மூண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம்.

ஏனெண்டால் அந்தக் கொம்பியூட்டருக்குள்ளே அப்பு இருந்தார்.

மூன்றாம் வருட களஆய்வு ஒப்படைக்காக நாங்கள் எடுத்த தலைப்பு நெடுந்தீவின் கல்வேலிகள். சாந்து, சீமெந்து எதுவும் இல்லாமல் முருகைக்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டுகிற வேலி. தீவுக்குப் போனவர்கள் எல்லாரும் அதைப் படமெடுத்திருப்பீர்கள். அதைக் கையால் கட்டத் தெரிந்த ஒரு அப்புவோடு டிசம்பர் லீவிலும் ஏப்ரல் லீவிலும் இருந்து கதைத்தோம். மொத்தம் 14 ஒலிப்பதிவுகள். ஃபோனில் இடம் போதாமல் ஒவ்வொரு முறையும் வாசிகசாலை மிசினில் இறக்கிவிட்டு ஃபோனிலிருந்து அழித்தோம். "பிறகு எடுப்பம்" எண்டு சொன்னோம். வைகாசியில் அப்பு காலமாகிவிட்டார். அந்தியேட்டிக்குப் போனபோதுகூட நாங்கள் அந்தப் பதிவுகளை எடுத்துவரவில்லை.

விண்டோஸ் அடிக்கிறதெண்டால் எங்கட ஊரில் அர்த்தம் ஒன்றுதான்: டிஸ்க்கை முழுக்க ஃபோர்மட் பண்ணி, வெறுமையாக்கி, புதுசாய்ப் போடுவது.

"அக்கா, அந்தத் தம்பியை வரவேண்டாம் எண்டு சொல்லுங்கோ. நாங்கள் நாளைக்கு வாறம். அதுவரைக்கும் மிசினைப் போடாதேங்கோ. வயரையும் கழட்டி விடுங்கோ."

சனிக்கிழமை விடிய பஸ் ஏறிக் குறிகட்டுவான் போய் வள்ளம் பிடித்தோம். சோளகக் காற்று. ஒரு மணித்தியாலமும் உப்புத்தண்ணி முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. பையில் ஒரு லப்டொப், பழைய யூஎஸ்பி கேபிள், உபுண்டு போட்ட பென்டிரைவ், ஒரு ஸ்குரூ டிரைவர், ஒரு அழிறப்பர். எங்களில் ஒருவரும் கணினி படித்தவர்கள் இல்லை. கலைப்பீடம். ஆனால் தீவில் வளர்ந்த ஒருத்தி எங்களுக்குள் இருந்தாள். திருத்துகிற கடை கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தால், ஸ்குரூவைக் கழட்டப் பயப்படுகிற பழக்கம் சின்ன வயதிலேயே போய்விடும் எண்டு அவள் சொல்லுவாள்.

அக்கா ஒரு கை பார்க்கச் சொன்னா. ஆனால் நாங்கள் மிசினைப் போடவில்லை. முதல் வேலை ஹாட் டிஸ்க்கைக் கழட்டுவது. பழுதான மிசின் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் டிஸ்க்கில் எதையாவது எழுதும். விண்டோஸ் தானாக "திருத்திப் பார்க்கிறேன்" எண்டு தொடங்கினால் இருக்கிறதும் குழம்பலாம். அதனால் மிசினை மறந்துவிட்டு டிஸ்க்கை மட்டும் கேபிளால் லப்டொப்பில் கொழுவினோம். அது சுற்றத் தொடங்கிய சத்தம் கேட்கும் வரைக்கும் ஒருத்தரும் கதைக்கவில்லை. ஃபோல்டர் திறந்தது. 14 கோப்பும் இருந்தன. பிரதி எடுத்தோம்.

அதற்குப் பிறகுதான் நோய் என்ன எண்டு பார்க்கத் தொடங்கினோம். டிஸ்க்கைத் திரும்பக் கொழுவினோம். விண்டோஸ் நீலத்திரை விழுந்தவுடன் தானாகவே திருப்பித் தொடங்கும்படிதான் அமைத்து வைத்திருக்கிறார்கள். அதனால் திரையில் என்ன எழுதியிருக்கு எண்டு வாசிக்க முதலே அது போய்விடும். தொடங்கும்போது எஃப்8 ஐ அழுத்தினால் வருகிற பட்டியலில், தானாகத் திருப்பித் தொடங்குவதை நிப்பாட்டுகிற ஒரு வரி இருக்கு. அதைத் தெரிவு செய்தோம். நீலத்திரை இந்த முறை நின்றது. பிழை எண்ணின் கடைசியில் 50. திருப்பிப் போட்டோம்: 1ஏ. மூன்றாம் தரம்: 0ஏ.

ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் ஒரு கோப்பையோ ஒரு டிரைவரையோ சந்தேகிக்கலாம். ஒவ்வொரு முறையும் வேற எண், அதுவும் நினைவகத்தைச் சுற்றியே வருதெண்டால் றாமைப் பார்க்க வேண்டும். ஆனாலும் விண்டோஸில்தான் பிழையோ எண்டு ஒரு சந்தேகம். டிஸ்க்கைக் கழட்டி வைத்துவிட்டு பென்டிரைவிலிருந்து உபுண்டுவைப் போட்டோம். அதுவும் பாதியில் உறைந்து நின்றது. விண்டோஸே இல்லாமலும் விழுகுது! அப்ப திங்கக்கிழமை புது விண்டோஸ் அடித்திருந்தால், அப்புவும் போயிருப்பார், மிசினும் திருந்தியிருக்காது.

வயரைக் கழட்டி, பெட்டியின் இரும்பைத் தொட்டுக் கையிலுள்ள மின்னைப் போக்கிவிட்டு, றாம் இரண்டையும் எடுத்தோம். ஒன்றின் விளிம்பில் பச்சையாய்க் களிம்பு. உப்புக் காற்று செய்கிற வேலை. காற்றில் வருகிற உப்பு படிந்து, ஈரத்தை இழுத்து, தங்கமுலாமுக்குக் கீழே இருக்கிற உலோகத்தை அரிக்கும். யன்னலுக்குப் பக்கத்தில் வைத்த மிசின். யன்னலுக்கு அங்கால கடல். அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதாமல் துடைத்து, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். இரண்டு மூன்றை ஒன்றாக மாற்றினால் எது சுகப்படுத்தியது எண்டு தெரியாது. முதல் றாமோடு ஒழுங்காகத் தொடங்கியது. களிம்பு பிடித்ததைத் துடைத்துப் போட்டும் விழுந்தது, இடம் மாற்றிப் போட்டும் விழுந்தது. அதை ஒரு கடதாசியில் சுற்றி "பழுது" எண்டு எழுதி அக்காவிடம் கொடுத்தோம்.

மிச்சமிருக்கிற ஒன்றோடு மிசின் ஓடுது, கொஞ்சம் ஆறுதலாக. யன்னலிலிருந்து தள்ளி வைத்தாச்சு. யூபிஎஸ் ஒன்றும் வேணும். அப்போது, 2024 இல், நெடுந்தீவு தேசிய மின்வலையோடு இணைக்கப்படாத தீவாக இருந்தது, டீசல் ஜெனரேற்றரில்தான் கரண்ட் வந்தது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரிய, காற்று மின்சாரம் எண்டு முதலில் 2021 இல் ஒரு சீன நிறுவனத்திடம் கொடுத்தார்கள். அது நின்று, 2024 மார்ச்சில் இந்தியாவின் 1 கோடியே 10 இலட்சம் டொலர் மானியத்தில் திரும்பவும் ஒப்பந்தம் போட்டார்கள். "அதுவும் எங்கட மிசின் மாதிரித்தான், திருப்பித் திருப்பித் தொடங்குது" எண்டு அக்கா சிரித்தா.

பின்னேர வள்ளத்தை விட்டுவிட்டோம். அப்புவின் மகள் கேள்விப்பட்டு வந்தா. பதிவுகளைப் போட்டோம். பெரிய கல் கீழே, கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் காற்றுப் போக வழி விடவேணும், அடைச்சுக் கட்டினால் சோளகம் தள்ளி விழுத்திப்போடும் எண்டு அப்பு சொல்லிக்கொண்டே போகிறார். மகள் அதையெல்லாம் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தா. பதின்மூன்றாவது பதிவின் கடைசியில் "உதை நிப்பாட்டு பிள்ளை, தேத்தண்ணி குடிப்பம்" எண்டு அப்புவின் குரல் வந்த இடத்தில்தான் அழுதா.

பதினான்காவது பதிவு நான்கு நிமிடத்தில் உடைந்தது. வேற பிளேயரில் போட்டும் பார்த்தோம், அதே இடத்தில் கரகரத்து நிற்கிறது. அது ஏப்ரலில் கடைசியாய் இறக்கியது. பழுதான றாம் ஊடாகப் பிரதியாகிற கோப்பு சத்தமில்லாமல் அங்கேயே பழுதாகலாம். கோப்பின் பெயர் இருக்கும், அளவு இருக்கும், உள்ளே சிதைந்திருக்கும். நாங்கள் ஒருக்காக்கூடப் போட்டுக் கேட்காமல் ஃபோனிலிருந்து அழித்துவிட்டோம். அதில்தான் அப்பு பழைய கிணறுகளின் பெயர்களைச் சொன்னார்.

இதற்கு உப்பையும் கரண்டையும் குற்றம் சொல்ல எங்களுக்கு மனமில்லை. ஒவ்வொரு வருடமும் யூன் 1 வந்தால் 1981 இல் எரிந்த யாழ் நூலகத்தைப் பற்றி எழுதுகிற ஆட்கள் நாங்கள். 2005 இலிருந்து பலர் சேர்ந்து நூலகம் இணையத்தளத்தில் பழைய புத்தகங்களையும் பத்திரிகைகளையும் ஏற்றிக்கொண்டிருக்கிறதைப் பார்த்து வளர்ந்தவர்கள். எங்களிடம் இருந்ததோ ஒரே ஒரு பிரதி. அதை எரிக்க ஒருத்தரும் வரத் தேவையில்லை, ஒரு தம்பி நல்ல மனதோடு வந்து விண்டோஸ் அடித்திருந்தாலே போதும்.

இப்போது பதிவுகள் நாலு இடத்தில் இருக்கின்றன: எங்களிடம், வாசிகசாலையில், இணையத்தில், அப்புவின் மகளிடம் ஒரு பென்டிரைவில். ஒவ்வொன்றையும் தொடக்கத்திலிருந்து முடிவு வரை போட்டுக் கேட்டுவிட்டுத்தான் கொடுத்தோம்.

அன்றிரவு போக முதல் மகள் கேட்டா, "கிணத்துப் பேரோ விடுபட்டது? எனக்கும் கொஞ்சம் தெரியும், எழுதுங்கோ." விறாந்தையில் இருந்து எழுதினோம். பதினொரு பெயர் வந்தது. அப்பு எத்தனை சொன்னவர் எண்டு எங்கள் மூண்டு பேருக்கும் ஞாபகமில்லை.