நீத்துப்பெட்டியும் தொடர்மாடியும்

கொட்டாஞ்சேனையைத் தாண்டி வடக்கே போகும் பஸ், முகத்துவாரத்தைக் கடந்து மட்டக்குளிக்கு வரும்போது கொழும்பு நகரம் முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் களனி கங்கை கடலோடு கலக்கிறது. கொழும்பில் தமிழ்ச் சாப்பாட்டைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் வெள்ளவத்தையின் சாப்பாட்டுக் கடைகளோடு திரும்பிவிடுகிறார்கள். மட்டக்குளிப் பக்கத்துச் சமையல் வீட்டுக் குசினிகளில்தான் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள், மலையகத்திலிருந்து இறங்கியவர்கள், பரதர், முஸ்லிம்கள், மலாயர், சிங்கள மீனவக் குடும்பங்கள் எல்லோரும் கொழும்பின் இந்த வடகோடியில் அருகருகே வாழ்கிறார்கள். இங்குள்ள குடும்பச் சமையலைப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. ஒரு வீட்டின் சமையல் குறிப்பில் பொருட்களின் பட்டியலைவிட முக்கியமானது, ஒரு பொருள் கிடைக்காதபோது எதை எடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள் என்பது. நாம் எழுதிப் பகிரும் குறிப்புகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போவதும் அதுவே.

கோதுமை மாப் பிட்டையே எடுத்துக்கொள்ளலாம். இலங்கையில் கோதுமை விளைவதில்லை, கப்பலில் வருகிறது. ஆனாலும் ஈழத்து வீடுகளில் அந்த மாவை அவித்து, அரித்து, பிட்டும் இடியப்பமும் செய்வது எவ்வளவோ காலப் பழக்கம். பச்சையாகக் குழைத்தால் பசைபோல் இழுபடும் மா, ஆவியில் அவித்தபின் உதிரியாகிவிடுகிறது. அரிசி மாவின் இடத்தில் வேறொன்றை வைப்பதற்கு யாரோ சில பெண்கள் கண்டுபிடித்த வழி இது. அவர்களின் பெயர் எங்கும் பதிவாகவில்லை. இன்று அதை அந்நிய உணவென்று யாரும் சொல்வதில்லை. 2020இல் மஞ்சள் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டு விலை ஏறியபோது, தமிழ்நாட்டுக் கரையிலிருந்து மஞ்சள் கடத்தப்படும் அளவுக்கு நிலைமை போனது. அப்போது சொதியில் மஞ்சளைக் குறைத்த வீடு எது, கறித்தூளில் எதைக் கூட்டிய வீடு எது என்ற விவரமும் சமையல் வரலாறுதான்.

2022இன் பொருளாதார நெருக்கடி இதை இன்னும் கூர்மையாகக் காட்டியது. அந்த ஆண்டு செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்றவர்களில் பலர் வெறுங்கையோடு திரும்பினார்கள். முற்றமுள்ள வீடுகள் விறகடுப்புக்குத் திரும்பின. மட்டக்குளிப் பக்கத்து ஹேனமுல்லையின் முவதொர உயன போல நகர அபிவிருத்தி அதிகார சபை எழுப்பிய தொடர்மாடிகளில் மேல்மாடிக் குடும்பங்கள் எங்கே விறகு மூட்டுவது? அந்தக் குடும்பங்களில் பல, கொழும்பில் தோட்டம் என்று சொல்லப்படும் நெருக்கமான குடியிருப்புகளிலிருந்து குடியேற்றப்பட்டவை. தோட்டத்தில், ஒழுங்கையைப் பார்த்த குசினியில் பக்கத்து வீட்டுக்காரி என்ன தாளிக்கிறாள் என்பதை மணமே சொல்லிவிடும்; பார்த்தே பழகலாம். தொடர்மாடியின் சாத்திய கதவுகளுக்குப் பின்னால் அது நடக்காது. பார்த்துப் பழகும் வழி சுருங்கும் இடத்தில்தான் சொல்லவும் எழுதவும் வேண்டியிருக்கிறது.

இப்படி மாற்றங்களையெல்லாம் எழுதினால் அசல் என்று எதுவும் மிஞ்சாது என்று சிலர் அஞ்சுவார்கள். நியாயமான அச்சம். ஆனால் காரணம் எழுதப்பட்டால் எல்லையும் தானாகத் தெரியும். ஒடியல் கூழில் எந்த மீன் என்பது அன்றைய சந்தையைப் பொறுத்தது. நண்டோ இறாலோ கூடலாம், குறையலாம். பலாக்கொட்டை இல்லாத காலத்தில் மரவள்ளி போதும். பழப்புளியின் அளவை நாக்குத் தீர்மானிக்கும். ஒடியல் மாவை மட்டும் மாற்ற முடியாது. பனங்கிழங்கை அவிக்காமல் பிளந்து காயவைத்து இடித்த அந்த மாதான் கூழைத் தடிக்கவைத்து அதன் குணத்தைக் கொடுக்கிறது. அதைத் தண்ணீரில் ஊறவைத்து, தெளிந்த நீரை வடித்துக் கயர்ப்பைப் போக்குவதும் தவிர்க்க முடியாதது. எதை விடலாம், எதை விடவே கூடாது என்று பிரித்துச் சொல்லும் குறிப்பு, வெறும் பட்டியலைவிட அசலுக்கு நெருக்கமானது என்பேன்.

கைப்பக்குவத்தை எழுத்தில் அடக்க முடியாது என்பது இன்னொரு மறுப்பு. முழுவதையும் அடக்க முடியாதுதான். நாம் நினைப்பதைவிட அதிகமாக அடக்கலாம். சொதியை அடுப்பிலிருந்து இறக்கியபின்தான் தேசிக்காய்ப் புளி விடவேண்டும், கொதிக்கும்போது விட்டால் தேங்காய்ப்பால் திரைந்துவிடும் என்பது கையின் ரகசியமல்ல, காரணம் தெரிந்த அறிவு. பிட்டு மாவில் கொதிநீரைச் சிறிது சிறிதாகத் தெளித்து, கையில் பிடித்தால் பிடியாகவும் உதிர்த்தால் உதிரியாகவும் வரும்போது நிறுத்தவேண்டும் என்பதையும் எழுதிவிடலாம். கறித்தூளுக்கு மல்லியை எந்த நிறம் வரை வறுப்பது, வெந்தயம் கருகினால் என்ன கைப்பு ஏறும் என்பதும் அப்படித்தான். இவற்றை எழுதாமல் ‘அம்மாவின் கை’ என்று போற்றி நிறுத்துவது அவளின் அறிவைக் குறைத்துச் சொல்வதாகும்.

மூன்று வேளையும் சமைக்கிற பெண்ணின் தலையில் எழுதும் வேலையையும் ஏற்றக்கூடாது. உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் எழுதட்டும்: மகன், பேரன், ஊர்விட்டுப்போன மருமகன். அவள் பிட்டுக் குழைக்கும்போது பக்கத்தில் நின்று, ஏன் இப்படி என்று கேட்டு, குறிப்பின் மேலே அவள் பெயரையும் அவள் எந்த ஊர், எந்த மாடி, எந்த அடுப்பு என்பதையும் எழுதிவைக்கட்டும். பிட்டு அவிக்கும் ஓலைப் பெட்டியான நீத்துப்பெட்டி கிடைக்காத தொடர்மாடியில் இடியப்பத் தட்டில் துணி விரித்துப் பிட்டு அவிப்பவள் என்றால் அதையும் அப்படியே எழுதட்டும்.