கோப்பை வாங்காத குழுத்தலைவி



தமிழ்ப்பள்ளிகளில் பேச்சுப் போட்டிக்கும் கதை கூறும் போட்டிக்கும் உள்ள மதிப்பு புதிர்ப்போட்டிக்கு இருந்ததில்லை. மேடையேறிக் கையை வீசிப் பேசும் பிள்ளையைப் படம் பிடிக்கப் பெற்றோர் முண்டியடிப்பர். மேசை மணிக்குப் பின்னால் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு அமர்ந்திருக்கும் பிள்ளையை யார் படம் பிடிப்பார்? குழுவைத் தேர்ந்தெடுப்பதும் பல இடங்களில் கடைசி நேர வேலைதான். மனனம் செய்யக்கூடிய மூவரைப் பிடித்து, இருநூறு கேள்விகள் கொண்ட தாளைக் கையில் கொடுத்துவிட்டால் பயிற்சி முடிந்தது. எந்த நாட்டின் தலைநகரம் எது, எந்த ஆறு நீளமானது, எதை யார் கண்டுபிடித்தார்? கேள்வி பாதியில் இருக்கும்போதே மணி அடிக்கும். வேகமான விரலுக்குப் பரிசு.

கிள்ளானில் நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் 2007ஆம் ஆண்டு இக்குழு என் பொறுப்புக்கு வந்தது. அதில் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி இருந்தாள். அவ்வாண்டு முதல் 2014 வரை அவளுடைய போட்டி வாழ்க்கையை அருகிலிருந்து பார்த்தேன். பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்பது அவள் விருப்பம். ஆகவே இங்கு அவள் வெறும் குழுத்தலைவிதான்.

அக்காலத்தில் என் கைக்கு ஓர் ஆங்கில நூல் கிடைத்தது. அமெரிக்கத் தொலைக்காட்சியின் 'ஜெப்பர்டி' போட்டியில் 2004ஆம் ஆண்டு தொடர்ந்து 74 ஆட்டங்களில் வென்ற கென் ஜென்னிங்ஸ் என்பவர் எழுதிய 'பிரெய்னியாக்'. 2006இல் வெளிவந்தது. அவர் பல்கலைக்கழகத்தில் பயின்றபோது 'குவிஸ் போல்' எனும் குழுப் போட்டியில் ஆடியவர். அந்நூலைப் படித்த பிறகுதான் அப்போட்டியைப் பற்றித் தேடித் தேடித் தெரிந்துகொண்டேன். 1953இல் அமெரிக்க வானொலியில் 'காலேஜ் போல்' எனத் தொடங்கி, பின்னர் தொலைக்காட்சிக்குச் சென்று, இங்கிலாந்தில் 1962 முதல் 'யுனிவர்சிட்டி சேலஞ்ச்' என்று பெயர் பெற்றதும் இதே மரபுதான். இன்று அமெரிக்காவின் உயர்நிலைப்பள்ளிகளில் இதற்குத் தேசிய அளவிலான போட்டிகளே உண்டு.

ஒரு குழுவில் நால்வர். முதலில் வரும் கேள்விக்கு ஒவ்வொருவரும் தனித்தனியே மணி அடிக்கலாம், கலந்து பேசக்கூடாது. சரியாகச் சொன்னால் 10 புள்ளிகள். அதன்பின் அக்குழுவுக்கு மட்டும் ஒரே பொருளைச் சார்ந்த மூன்று கேள்விகள் கேட்கப்படும். அவற்றுக்கு நால்வரும் கலந்து பேசலாம். இங்குதான் தலைவரின் வேலை தொடங்குகிறது. நால்வர் நான்கு விடைகளை முணுமுணுப்பர். சில நொடிகளில் எதைக் குழுவின் விடையாக அறிவிப்பது என்று தலைவரே முடிவு செய்ய வேண்டும்.

அதைவிட என்னைக் கவர்ந்தது கேள்வியின் அமைப்பு. நல்ல கேள்வி கூர்நுனிக் கோபுரம் போன்றது என்பர். தொடக்கத்தில் ஆழ்ந்து அறிந்தவருக்கு மட்டுமே விளங்கும் குறிப்பு. போகப் போக எளிய குறிப்பு. கடைசி வரி எல்லாருக்கும் தெரிந்தது. ஆழமாக அறிந்த பிள்ளை முதலில் மணி அடிக்கும். விரலின் வேகம் மட்டும் உதவாது. நம் முறையில், "பிரிக்பீல்ட்ஸின் முதன்மைச் சாலைக்கு யார் பெயர் சூட்டப்பட்டுள்ளது?" என்று கேட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவோம். அதையே நான் இப்படி எழுதிப் பார்த்தேன்:

"1919இல் சுங்கை சிப்புட்டில் பிறந்த இவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டி, 1960இல் ஒரு கூட்டுறவுச் சங்கம் அமையக் காரணமாக இருந்தார். ம.இ.கா.வின் ஐந்தாவது தேசியத் தலைவர். முன்பு பிரிக்பீல்ட்ஸ் சாலை எனப்பட்ட சாலை இன்று இவர் பெயரைத் தாங்கியுள்ளது. யார் இவர்?"

சனிக்கிழமைப் பயிற்சியில் இதை வாசித்தேன். 'பத்துப் பத்து வெள்ளி' என்றவுடன் மணி ஒலித்தது. நம் குழுத்தலைவி. (அப்போது அவள் தலைவி இல்லை, மூன்றாவது நாற்காலியில் இருந்தவள்.) "துன் சம்பந்தன், டீச்சர்" என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "பாட்டி வீட்டுல பெட்டிக்குள்ள ஒரு பங்குச் சீட்டு இருக்கு. தோட்டத்துல இருந்தப்ப பத்து வெள்ளி கட்டினாங்களாம். பாட்டி அவர் பேரத்தான் சொல்லும்."

தலைநகரங்களை எல்லாம் ஒப்பித்த மற்ற இருவரும் சாலையின் பெயர் வரும்வரை காத்திருந்தனர். பால்மரத் தோட்டத்தில் வாழ்ந்த ஒரு பாட்டியின் பெட்டிக்குள் இருந்த அறிவுக்கும் புள்ளிகள் உண்டு என்பதை அன்று அக்குழு முழுவதுமே கண்டது. மறுவாரமே அவளைத் தலைவியாக்கினேன். காரணம் அந்த விடை மட்டுமன்று. விடை சொன்னபிறகு, "நீ என்ன நெனச்ச?" என்று பக்கத்தில் இருந்தவனை அவள் கேட்டாள். பத்து வயதுப் பிள்ளைகள் கேட்கும் கேள்வியா அது?

2008ஆம் ஆண்டு, கிள்ளான் பள்ளத்தாக்கின் சில தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் ஒன்றுசேர்ந்து பிரிக்பீல்ட்ஸில் ஒரு நட்புமுறைப் போட்டி நடத்தினோம். ஒவ்வோர் ஆசிரியரும் ஒரு சுற்றுக்கான கேள்விகளை எழுத வேண்டும். தம் ஆசிரியர் எழுதிய சுற்றில் அப்பள்ளிக் குழு ஆடாமல் அமர்ந்திருக்க வேண்டும். பெற்றோர் சிலர் இவ்விதியைக் கேட்டுச் சிரித்தனர். "சின்னப் பிள்ளைங்க போட்டிக்கு இவ்வளவா, டீச்சர்?" என்றனர். 2013இல் அமெரிக்காவில் நடந்ததைப் படித்தபோது அவர்களை நினைத்துக்கொண்டேன். ஹார்வர்ட் பல்கலைக்கழகக் குழு வென்ற நான்கு தேசிய குவிஸ் போல் பட்டங்களைப் போட்டியை நடத்தும் என்.ஏ.கியூ.டி. நிறுவனம் அவ்வாண்டு பறித்தது. அக்குழுவின் ஆட்டக்காரர் ஒருவர் அந்நிறுவனத்துக்குக் கேள்வி எழுதுபவராகவும் இருந்தார். வரவிருக்கும் கேள்விகளைப் பற்றிய குறிப்புகள் இருந்த பக்கங்களை அவர் திறந்து பார்த்திருந்தார். அதனால் பயன் பெற்றார் என்பதற்கு நேரடிச் சான்று இல்லை என்று அந்நிறுவனமே கூறியது; இருந்தும் பட்டங்கள் போயின. "பழைய கேள்வித்தாள் கிடைக்குமா?" என்று இன்றும் என்னிடம் கேட்கும் பெற்றோருக்கு இச்செய்தியைச் சொல்வதுண்டு. பழையது கிடைக்கும், புதியதைக் கேட்காதீர்கள்.

பிரிக்பீல்ட்ஸ் போட்டியில் எங்கள் குழு மூன்றாம் நிலை.

நிற்க. இனி அவள் வாழ்க்கையில் வந்த மாற்றத்துக்கு வருகிறேன். 2003இல் முதலாம் ஆண்டில் சேர்ந்த மாணவர் அணியைச் சேர்ந்தவள் அவள். அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்ட முதல் அணி அது. ஊரையும் நாட்டையும் பற்றிய பாடத்தைத் தமிழில் படித்தாள். மலாய்மொழி தனிப் பாடம். ஆக, அவள் தலைக்குள் மூன்று அலமாரிகள். ஒளிச்சேர்க்கை என்பது அவளுக்கு 'ஃபோட்டோசிந்தசிஸ்'. உடன்படிக்கை என்பது உடன்படிக்கையே. தமிழ்ப்பள்ளிப் போட்டியில் இது பெரிய இடையூறு இல்லை. ஆங்கிலச் சொல்லைச் சொன்னாலும் நாங்கள் புள்ளி கொடுத்தோம்.

அவ்வாண்டு யூ.பி.எஸ்.ஆர். தேர்வில் மலாய்மொழிக் கட்டுரைத் தாளில் அவள் 'டி' பெற்றாள். (அத்தேர்வு 2021இல் அகற்றப்பட்டது, இளைய பெற்றோருக்காகச் சொல்கிறேன்.) அக்கால விதிப்படி, மலாய்மொழித் தாள்களில் குறைந்தது 'சி' பெறாத தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளி மாணவர் நேரே படிவம் ஒன்றுக்குச் செல்ல இயலாது, ஓராண்டு புகுமுக வகுப்பில் இருக்க வேண்டும். அவள் அம்மா பள்ளிக்கு வந்து அழுதார். "புதிர்ப்போட்டித் தலைவின்னு எல்லார்கிட்டயும் சொன்னேனே டீச்சர், இப்ப புகுமுக வகுப்புன்னு எப்படிச் சொல்வேன்?"

புகுமுக வகுப்பை நம் சமூகம் தண்டனையாகவே பார்த்தது. சில பள்ளிகளில் அஃது உண்மையிலேயே கவனிப்பாரற்ற வகுப்பாக இருந்ததையும் மறுப்பதற்கில்லை. அங்கேயே சோர்ந்துபோன பிள்ளைகளை நான் அறிவேன். இவள் அவ்வாண்டு செய்தது ஒன்றுதான். அக்காளின் படிவம் ஒன்று வரலாற்றுப் பாடநூலை எடுத்து, ஒவ்வொரு பக்கத்தையும் தமிழில் ஒருமுறை தனக்குத்தானே சொல்லி, பிறகு அதையே மலாயில் சொல்லிப் பார்த்தாள். அம்மா அடுப்படியில் நின்றுகொண்டு கேட்பார். மலாய் சரியா என்று அவருக்குத் தெரியாது. தமிழில் சொன்ன கதையும் மலாயில் சொன்ன கதையும் ஒரே நீளமாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தாராம். இதைவிடச் சிறந்த தேர்வாளரை நான் கண்டதில்லை.

2010இல் படிவம் ஒன்று. இடைநிலைப்பள்ளிப் புதிர்ப்போட்டிகள் மலாயில் நடந்தன. முதல் தேர்விலேயே அவளைக் கழித்துவிட்டனர். விடை தெரிந்தும் வாயில் வர இரண்டு நொடிகள் கூடுதலாக ஆயின. அதற்குள் அடுத்தவர் மணி அடித்துவிடுவார். படிவம் இரண்டில் மாற்று உறுப்பினர். அதாவது நாற்காலியும் இல்லை, மணியும் இல்லை. போட்டி முடிந்தபின் சிற்றுண்டிப் பொட்டலம் மட்டும் உண்டு. படிவம் மூன்றில் குழுவுக்குள் வந்தாள். 2013இல், படிவம் நான்கில், மீண்டும் தலைவி.

அக்குழுவில் ஒரு மலாய் மாணவி, ஒரு சீன மாணவன், இவள். அம்மாணவன் சீனப்பள்ளியிலிருந்து வந்தவன். இவளைப் போலவே புகுமுக வகுப்பில் இருந்தவன். வாயே திறக்கமாட்டான். இவள் ஓர் ஏற்பாடு செய்தாள். கலந்து பேசும் நேரத்தில் அவனே முதலில் பேச வேண்டும், அடுத்து அம்மாணவி, கடைசியில்தான் தலைவி. சொல் கிடைக்கவில்லை என்றால் கையால் காட்டலாம், தாளில் வரையலாம், எம்மொழியில் வேண்டுமானாலும் முணுமுணுக்கலாம். மலாய்ச் சொல்லைத் தேடுவது மற்ற இருவர் பொறுப்பு. தாமதமாகும் அந்த இரண்டு நொடிகளின் வேதனையை அறிந்தவள் அல்லவா?

ஷா ஆலமில் நடந்த அவ்வாண்டின் மாநில இறுதிச் சுற்றுக்கு அவள் அம்மாவுடன் நானும் சென்றிருந்தேன். கடைசிக் கேள்விக்கு முன் இரு குழுக்களும் சமநிலை. கேள்வி எங்கள் குழுவுக்கு: சிலாங்கூரின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் யார்?

கிள்ளான் பிள்ளைகளுக்கு இஃது ஒரு பொறி. நம் துறைமுகம் 1901இல் திறக்கப்பட்டபோது அதன் பெயர் போர்ட் சுவெட்டன்ஹம்; 1972இல்தான் போர்ட் கிள்ளான் ஆனது. பாட்டன் பாட்டி வாயிலிருந்து அப்பெயரைக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். அம்மாணவன் முதலில் பேசினான். சுவெட்டன்ஹம் என்றான், உறுதியாக. மலாய் மாணவி தோளைக் குலுக்கினாள். நம் தலைவி சற்று நேரம் மேசையைப் பார்த்தாள். பிறகு ஒலிவாங்கியில் அறிவித்தாள்: "பிராங்க் சுவெட்டன்ஹம்."

சரியான விடை ஜே.ஜி. டேவிட்சன். சுவெட்டன்ஹம் சிலாங்கூர் ரெசிடெண்ட் ஆனது 1882இல். கேள்வி எதிர்க்குழுவுக்குப் போனது, அவர்கள் சொல்லிவிட்டார்கள். இரண்டாம் நிலை.

வெளியே வந்ததும் அவள் அம்மா கேட்டார், "உனக்குத் தெரியாதா?" தெரியும் என்றாள். டேவிட்சன் என்றுதான் அவள் நினைத்தாளாம். "அப்புறம் ஏண்டி?" என்றார் அம்மா. "எனக்கு நூத்துக்கு அறுபதுதாம்மா. அவன் நூத்துக்குத் தொண்ணூறு மாதிரி சொன்னான். அறுபத வச்சிக்கிட்டுத் தொண்ணூற எப்படித் தள்றது?"

பொறுப்பாசிரியர் ஒருவர் இதைக் கேட்டுக் கடிந்துகொண்டார். தலைவர் என்பவர் தம் அறிவை நம்ப வேண்டும் என்பது அவர் கட்சி. அன்றிரவு முழுவதும் நானும் அதை எண்ணிப் பார்த்தேன். என் முடிவு வேறு. அவள் அந்த நொடியில் கையிலிருந்த சான்றுகளைச் சரியாகவே எடைபோட்டாள். விடை தவறியது, முறை தவறவில்லை. ஓராண்டாகப் பேசவே அஞ்சிய ஒருவன் இறுதிச் சுற்றில் முதல் ஆளாகப் பேசினான் என்றால், அதற்குரிய புள்ளியை எந்த நீதிபதியும் எழுதப்போவதில்லை. இதில் என்னோடு உடன்படாத ஆசிரியர் பலர் உண்டு என்பதையும் அறிவேன். கோப்பைகளை அடுக்கி வைக்கும் கண்ணாடிப் பேழை அவர்கள் பக்கம் இருக்கிறது.

2014இல், எஸ்.பி.எம். ஆண்டில், அக்குழு மாவட்டச் சுற்றையே தாண்டவில்லை. அத்தோடு அவள் போட்டி வாழ்க்கை முடிந்தது. ஏழாண்டுகளில் கோப்பை என்று ஒன்றுகூட இல்லை. நற்சான்றிதழ்கள் ஒரு கோப்பு நிறைய உள்ளன.

இன்று அவள் கணக்காளர் அலுவலகம் ஒன்றில் பணிபுரிகிறாள். என் இப்போதைய பள்ளிக் குழுவுக்கு மாதந்தோறும் பன்னிரண்டு கேள்விகள் எழுதி அனுப்புகிறாள். இம்மாதம் வந்தவற்றில் மூன்றைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். முதல் வரியிலேயே விடை தெரிந்துவிடுகிறது.