முன்பே இருக்கும் நோய்கள்

அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்த விஷயம் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. மதுரைக்குக் கண் ஆபரேஷனுக்குப் போனதாகத்தான் சொல்லி வைத்திருந்தார். ஆறு நாள் கழித்துக் கோவில்பட்டிக்குத் திரும்பியபோது, பார்க்கிறவர்கள் நம்ப வேண்டுமே என்று ஒரு கறுப்புக் கண்ணாடியும் வாங்கி மாட்டியிருந்தார். முப்பத்து நாலு வருடம் கணக்கு வாத்தியார். பொய் சொன்னாலும் ஸ்டெப் விட மாட்டார்.

இந்த மனிதருக்கு, 71 வயதில், கப்பல் பயணத்துக்கான மருத்துவக் காப்பீடு எடுக்கும் வேலை எனக்கு வாய்த்தது.

கப்பல் ஆசை அம்மாவுடையது. அவளுடைய தாத்தா பினாங்கில் ஒரு மளிகைக் கடையில் கணக்கெழுதியவர். நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பலில் ஏறி, தளத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு போனவர். 1926இல் கட்டிய அந்தக் கப்பல் எழுபதுகளின் தொடக்கம் வரை சென்னைக்கும் நாகைக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்குமாக ஓடியிருக்கிறது. அம்மா பிறந்தபோது தாத்தா இல்லை. ரஜுலா என்ற பெயர் மட்டும் வீட்டில் இருந்தது. சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் நாலு இரவுக் கப்பல் ஒன்று இருக்கிறது என்று என் மனைவி சொன்னதும் அம்மா கேட்ட ஒரே கேள்வி, "பினாங்குல இறங்க விடுவானா?"

டிக்கெட் எடுக்கப் பத்து நிமிடம். இன்சூரன்ஸுக்குப் பத்து நாள்.

"எதுக்குடே? எங்கிட்டதான் கார்டு இருக்கே. மாசாமாசம் பென்ஷன்ல பிடிக்கான்லா" என்று அப்பா பென்ஷன்தாரர் மருத்துவ அட்டையை எடுத்துக் காட்டினார். அது மதுரையில் செல்லும். மலாக்கா நீரிணையில் செல்லாது. அவர் நம்பவில்லை. அந்த அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் கப்பலும் ஏறினார்.

இது அவருடைய அறியாமை என்று நான் நினைக்கவில்லை. அமெரிக்காவில் முதியவர்களுக்கான மெடிகேர் திட்டத்துக்கும் கடலில் எல்லை உண்டு. கப்பல் அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து 6 மணி நேரத்துக்கு மேல் விலகிப் போய்விட்டால், அதில் நடக்கும் வைத்தியத்துக்கு அது பணம் தராது. கடல் விசித்திரமான இடம். பல கப்பல்கள் பஹாமாஸிலோ பனாமாவிலோ பதிவானவை. உள்ளே இருக்கும் மருத்துவ அறையில் காசு கொடுத்துத்தான் பார்க்க வேண்டும், டாலரில். நம் ஊர்ப் பாலிசிகளின் 'கேஷ்லெஸ்' பட்டியலில் ஆஸ்பத்திரிகள் வரும், கப்பல் வராது. முதலில் கட்டு, பிறகு கேள். நிலைமை மோசமாகி ஹெலிகாப்டர் வர வேண்டுமென்றால், காப்பீட்டுக்காரர்களின் உதவி எண்ணில் முன் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். வாங்காவிட்டால் அந்த பில்லும் நம் தலையில்.

அந்தப் பத்து நாளில் தேவையில்லாததையெல்லாம் படித்தேன். 2011இல் பெர்முடாவில் கரையிறங்கிய ஒரு முதியவர் விழுந்து தலையில் அடிபட்டுக் கப்பலுக்குத் திரும்புகிறார். ஒரு வாரத்தில் இறந்துபோகிறார். கப்பல் மருத்துவர்கள் சரியாகப் பார்க்கவில்லை என்று மகள் வழக்குப் போடுகிறார். அதுவரை அமெரிக்க நீதிமன்றங்களில் பெரும்பாலும் ஒரே பதில்தான்: கப்பல் டாக்டர் செய்யும் தவறுக்குக் கப்பல் கம்பெனி பொறுப்பாகாது. 2014இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம்தான் அந்த வழக்கு நடக்கலாம் என்று கதவைத் திறந்தது. இதை இரவு ஒரு மணிக்குப் படித்துவிட்டு, டிக்கெட்டை ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்று பார்த்தேன்.

பிறகு படிவம். 'பயணிகளில் யாருக்கேனும் முன்பே இருக்கும் நோய்கள் உண்டா? ஆம் / இல்லை.' ஏஜென்ட் போனில் சிரித்தார். "இல்லைன்னு போடுங்க சார். எழுபதுக்கு மேல 'ஆம்' போட்டா சிஸ்டமே ஏத்துக்காது. எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க."

அவர் சொன்னது உண்மை. ஆம் போட்டதும் பக்கம் சிவந்து, கிளையை அணுகவும் என்றது. நான் பிழைப்புக்காக இந்த மாதிரிப் படிவங்களைக் கட்டுகிறவன். அந்தச் சிவப்புக்குப் பின்னால் இருக்கும் நாலு வரியை என்னால் பார்க்காமலே எழுத முடியும்.

"சக்கரைய மட்டும் எழுது. ஊர்ல யாருக்குத்தான் இல்ல. மத்ததெல்லாம் எழுதாத" என்றார் அப்பா.

"நாளைக்கு ஏதாவதுன்னா, மறைச்சுட்டீங்கன்னு ஒரு பைசா தர மாட்டான்ப்பா."

"ஏதாவது வந்தாத்தான?"

நான் விடவில்லை. 18 வருடச் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, ஸ்டென்ட் வைத்த தேதி, மாத்திரைகளின் பெயர், டிஸ்சார்ஜ் சம்மரி, பழைய இசிஜி எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து மூன்று கம்பெனிகளுக்கு அனுப்பினேன். இரண்டு மறுத்துவிட்டன. மூன்றாவது, இரட்டிப்புப் பிரீமியத்தில், பழைய நோய்களுக்கு உயிருக்கு ஆபத்தான நிலையில் மட்டும், ஒரு வரம்புக்குள் தருவதாகச் சொன்னது. கூடவே இன்னொரு கேள்வி: கடந்த மூன்று மாதத்தில் நெஞ்சுவலி, மூச்சிரைப்பு, மயக்கம் ஏதேனும் உண்டா? அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அதெல்லாம் இல்ல" என்றார். இல்லை என்று டிக் செய்தேன். நேர்மையாக ஒரு காரியம் செய்து முடித்த திருப்தி. மனைவியிடம் கொஞ்சம் பெருமையாகக்கூடச் சொன்னேன்.

சிங்கப்பூரில் ஓர் இரவு பென்கூலன் தெருவில் தங்கினோம். அந்தப் பெயரைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு. பென்கூலன், அதாவது சுமத்ராவின் பெங்குலு. அங்கே இருந்த மார்ல்பரோ கோட்டையின் ஆங்கிலேய ஆளுநர் ஜார்ஜ் கார்ட்டர், எதிரி நாட்டவர் கோட்டையைப் பிடித்தால் நஷ்டஈடு என்று லண்டனில் இன்சூரன்ஸ் எடுத்திருந்தார். 1760இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துவிட்டார்கள். கோட்டை பலவீனமானது என்பதை ஆளுநர் மறைத்துவிட்டார், பணம் கிடையாது என்றார் காப்பீட்டாளர். 1766இல் மான்ஸ்ஃபீல்ட் பிரபு சொன்ன தீர்ப்புதான் இன்றைக்கும் இன்சூரன்ஸ் சட்டத்தின் தொடக்கப் பாடம். தனக்கு மட்டும் தெரிந்ததை மறைத்து எதிராளியை ஒப்பந்தத்துக்குள் இழுக்கக் கூடாது, அது இரு தரப்புக்கும் பொருந்தும் என்றார். ஆனால் கேஸில் ஜெயித்தது ஆளுநர்தான். லண்டனில் இருந்தவருக்கும் போர் நிலவரம் தெரிந்திருக்க முடியுமே என்பது நீதிபதியின் வாதம். இதை அப்பாவிடம் சொன்னேன். "அப்ப மறைச்சாலும் ஜெயிக்கலாம்னு சொல்லு" என்றார்.

கப்பலின் முதல் இரவு. பஃபேயில் அப்பா சாப்பிடவில்லை. "ஒரே கரண்டிய எல்லாத்துலயும் போடுதான்" என்று இரண்டு வாழைப்பழமும் ஒரு கப் தயிரும் எடுத்துக்கொண்டார். சர்க்கரை மாத்திரையை மட்டும் நேரம் தவறாமல் போட்டுக்கொண்டார். காலை மூன்று மணிக்கு அம்மா எங்கள் கதவைத் தட்டினாள். "எய்யா, அப்பாவுக்கு வேர்த்து ஊத்துது. என்னன்னு கேட்டா என்னைய யாருன்னு கேக்காரு."

மருத்துவ அறை கீழ்த்தளத்தில். அறையெல்லாம் டெட்டால் வாசனை. நர்ஸ் விரலில் குத்திப் பார்த்தார்: 48. சர்க்கரை தரைதட்டியிருந்தது. டிரிப் ஏற ஏற அப்பாவுக்கு முகம் திரும்பியது. திரும்பியதும் அவர் கேட்ட முதல் வார்த்தை, "எவ்வளவு ஆகும்?" தென்னாப்பிரிக்க டாக்டரம்மா வேறு ஏதாவது நோய் உண்டா என்று கேட்க, "நோ ப்ராப்ளம், நோ ப்ராப்ளம்" என்றார். நான் போனைத் திறந்து இன்சூரன்ஸுக்காகச் சேர்த்த ஃபோல்டரை நீட்டினேன். அந்த அம்மா பழைய இசிஜியையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். இதய ரத்தப் பரிசோதனை ஒன்று எடுத்தார். சில மணி நேரம் கழித்து இன்னொன்று எடுக்க வேண்டும் என்றார். அந்த மாத்திரை மறுபடியும் சர்க்கரையை இறக்கும் என்பதால் அன்று முழுக்க அங்கேயே படுக்க வேண்டும்.

உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். பணிவான ஒரு குரல் ஒரு குறிப்பு எண் கொடுத்து, கட்டிவிட்டு பில்லை அனுப்புங்கள் என்றது.

கப்பல் பினாங்கில் நின்றது. அம்மா இறங்க மாட்டேன் என்றாள். "போய்ட்டு வா. இதுக்குத்தான வந்தது" என்று அப்பா அதட்டினார். என் மனைவி கூட்டிப்போனாள். அறையில் நானும் அவரும் மட்டும். ஜன்னல் கிடையாது. கப்பல் நின்றுவிட்டது என்பது சத்தம் குறைந்ததில்தான் தெரிந்தது.

"மூணு வாரத்துக்கு முன்னாடி," என்று ஆரம்பித்தார். கூரையைப் பார்த்தபடி. "மார்க்கெட் போய்ட்டு வரும்போது நெஞ்சப் பிடிச்சுது. ரெண்டு தடவ. சார்பிட்ரேட்ட நாக்குக்கு அடியில வச்சேன். சரியாயிட்டு."

எனக்குக் கை நடுங்கியது. "ஏம்ப்பா சொல்லல? நான் கேட்டேன்ல?"

"சொன்னா நீ ஃபார்ம்ல எழுதுவ. எழுதுனா அவன் இன்சூரன்ஸ் தர மாட்டான். இன்சூரன்ஸ் இல்லன்னா நீ கூட்டிட்டுப் போக மாட்ட. உங்கம்மா அம்பது வருசமாக் கேக்கா."

ஒரு ஸ்டெப் விடவில்லை.

அவர் ஏஜென்ட் சொன்னபடி எல்லாவற்றையும் மறைக்கிற வீட்டில் இருந்திருந்தால் என்னிடமாவது சொல்லியிருப்பார். நான் எழுதிவிடுகிற ஆள் என்பதால்தான் என்னிடம் மறைத்தார். இதை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் எனக்கு இன்றுவரை சரியாக உட்காரவில்லை. எங்கள் தொழிலில் ஒரு விஷயம் உண்டு. ஒரு கட்டத்தில் எதுவும் நிரப்பப்படவில்லை என்றால் அது 'இல்லை' ஆகாது. அதற்கு 'நல்' என்று தனி மதிப்பு. இரண்டையும் குழப்பினால் புரோகிராம் கவிழும். அந்தப் படிவத்தில் 'தெரியாது' என்றொரு பொத்தான் இல்லை. இருந்தாலும் நான் அழுத்தியிருக்க மாட்டேன். என் அப்பாவைப் பற்றி எனக்குத் தெரியாது என்று நான் நினைக்கவே இல்லை.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். சொல்லும்போதே தெரியும், அவர் அதைக் குறிப்பில் எழுதுவார், அந்தக் குறிப்பு பில்லோடு இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போகும் என்று. எழுதினார். இரண்டாவது ரத்தப் பரிசோதனையும் சுத்தமாக வந்தது. இசிஜியில் புதிதாக எதுவுமில்லை. பினாங்கிலேயே இறக்கிவிடவா என்று யோசித்தவர், கடைசியில் சிங்கப்பூர் வரை வரலாம், வலி வந்தால் அடுத்த கரையில் இறக்கிவிடுவேன், ஊர் போனதும் முதல் வேலை இதய மருத்துவர் என்றார்.

பில் 930 டாலர். அப்பா மனக்கணக்காகவே போட்டார். "எண்பதாயிரம்! ரெண்டு கரண்டி சீனியப் போட்டுக் கலக்கிக் குடுத்திருக்கலாம்லா."

அம்மா சாயங்காலம் வந்தாள். கடை இருந்த தெருப் பெயர் அவளுக்குத் தெரியாது. லிட்டில் இந்தியாவில் நடந்துவிட்டு, சர்க்கரைப் பாகில் ஊறிய ஜாதிக்காய் ஒரு பாக்கெட் வாங்கியிருந்தாள். அதை டிரிப் ஏறிக்கொண்டிருந்தவரின் வாயில் ஒரு துண்டு வைத்தாள். நர்ஸ் ஒன்றும் சொல்லவில்லை.

மதுரையில் ஆஞ்சியோ பார்த்தார்கள். பழைய ஸ்டென்ட் சரியாக இருக்கிறது, வேறோர் இடத்தில் சின்ன அடைப்பு, மாத்திரை போதும். க்ளெய்ம் மூன்று மாதம் கழித்து மறுக்கப்பட்டது. காரணம், உண்மையை வெளிப்படுத்தாமை. நெஞ்சுவலிக்கும் சர்க்கரை இறங்கியதற்கும் சம்பந்தமில்லை என்று இரண்டு பக்கம் எழுதினேன். பதிலும் அதே ஒரு வரி. இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், மறுத்த தேதியிலிருந்து ஒரு வருடம் அவகாசம் உண்டு. புகார்ப் படிவத்தை எடுத்து நிரப்பிக்கொண்டே வந்தேன். கடைசியில், மேற்கண்ட விவரங்கள் நான் அறிந்தவரை உண்மை என்று கையெழுத்து. நான் அறிந்தவரை. அது மேஜையில்தான் கிடக்கிறது. கம்பெனி மேல் எனக்குக் கோபம் இல்லாமலில்லை. அந்தக் கேள்வியை வைத்த விதமே, பதில் சொன்னவன் எல்லாவற்றையும் இழக்கும்படிதான். அதே சமயம், லண்டனில் உட்கார்ந்திருந்த அந்தக் காப்பீட்டாளர் போல இவர்களுக்கு மார்க்கெட் தெருவில் நடந்தது தெரிந்திருக்க வழியுமில்லை.

அப்பா மாதம் ஐயாயிரம் என் கணக்குக்கு அனுப்புகிறார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாயிற்று. குறிப்பில் 'தவணை 4/16' என்று எழுதியிருக்கிறது.

போன வாரம் அத்தை கூப்பிட்டாள். தென்காசி அத்தை. மாமாவும் அவளும் மகள் வீட்டுக்குத் துபாய் போகிறார்களாம், அங்கிருந்து ஒரு கப்பலுக்கும் டிக்கெட் எடுத்திருக்கிறாளாம். மாமாவுக்கு 74.

"நீ போன வருசம் போட்டேல்லா. அதுல நோய் இருக்கான்னு கேக்கான். இல்லன்னு போட்டுரவா?"

"மாமா பக்கத்துல இருக்காரா?"

"இந்தா பேப்பர் படிக்காரு."

"போனைக் குடுங்க அத்தை. நீங்க கொஞ்சம் அடுக்களைக்குப் போங்க."